டேங்க் மூடிக்கு வைத்த பொட்டு

சித்தப்பா போய் இருபத்தாறு நாள் ஆகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்கக் கேட்க, யாரோ வேறு ஆளைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது. எங்கள் சித்தப்பா நல்லவர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மைசூரிலிருந்து சாமராஜநகருக்கு மோட்டார் சைக்கிளில் ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு போன ஆளும் அவர்தான். அதை யாரும் சொல்வதில்லை. காரணம் நான்தான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். அழுது அழுது மூக்கெல்லாம் புண்ணாகிவிட்டது. இன்றைக்கு ஒரு நாளாவது வேறு வேலை செய்யலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. மைசூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு வீட்டிலும் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவர்கள். அப்பா ஃபிட்டர். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் தினக்கூலி. கல்யாணத்துக்குப் பார்த்த இரண்டு இடத்திலும் "தினக்கூலியா?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் பேசவே இல்லை.

சித்தப்பாவிடம் சொத்து என்று இருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். வாங்கும்போது அது துருப் பிடித்துப் பார்க்கச் சகிக்காமல் இருந்ததாம். சைன்போர்டு எழுதுகிறவர் ஒருவரைப் பிடித்து அதன் டேங்குக்கு மட்டும் நாலு நாள் பெயின்ட் அடிக்க வைத்தார். கருஞ்சிவப்பு, ஓரத்தில் தங்கக் கோடு. மற்ற இடமெல்லாம் துரு அப்படியே இருந்தது. யாராவது வண்டியைப் பார்த்தால் சித்தப்பா டேங்குக்கு எதிரே போய் நின்றுகொண்டு அவர்களையும் அங்கேயே நிற்க வைத்துப் பேசுவார்.

மூன்றாவதாக வந்த இடம் சாமராஜநகரில். பெண்ணின் அப்பா அங்கே மாவு மில் வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குச் சொந்த மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று தரகர் ஒரே போடாகப் போட்டிருந்தார். விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கு மத்தியானம் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். சித்தப்பா அந்தப் பெண்ணை நஞ்சன்கூடு தேரில் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்திருந்தார். அதிலிருந்து சவரம் பண்ணும்போதெல்லாம் பாட்டுத்தான். கன்னத்தில் நாலு இடத்தில் வெட்டு.

முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் இரும்பு என்று எதெல்லாம் உண்டோ எல்லாம் பலகைக்கு வந்துவிடும். அப்பாவின் ஸ்பேனர், சுத்தியல், சித்தப்பாவின் திருப்புளி, அம்மாவின் அரிவாள்மணை, கத்தரிக்கோல், என்னுடைய பென்சில் சீவி. பூஜை முடிந்ததும் மறுநாள் காலை மறுபூஜை ஆகும் வரை ஒன்றையும் தொடக்கூடாது. அன்றைக்குக் காய் நறுக்க வழியில்லாததால் வரிசை முழுக்க பருப்பும் ரசமும்தான்.

வண்டிக்குப் பொட்டு வைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஹெட்லைட்டுக்கு வைத்தேன், இரண்டு சக்கரத்துக்கும் வைத்தேன், ஹேண்டில் பாருக்கு வைத்தேன். எல்லாம் முடிந்து பார்த்தால் டேங்கின் மேலே மூடி மட்டும் வெறும் நெற்றியோடு பளபள என்று இருந்தது. பாவமாக இருந்தது. கிண்ணத்தில் மிச்சம் இருந்த சந்தனத்தை மொத்தமாக வழித்து அதன்மேல் அடை மாதிரி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

அந்த மூடியின் நடுவில் ஊசிக்கண் அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே காற்றுப் போகவேண்டும். காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது, வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்றுப் போய்விடும், வண்டியும் கிளம்பிவிடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிற்கும். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

அன்று சாயங்காலம் எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கிவிட்டு, சித்தப்பா ஊர்வலம் மாதிரி மெதுவாகக் கிளம்பினார். எல்லாரும் கை தட்டினோம். கேட் வரைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து மாலையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் கன்னடக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். "ஏன் குரு, பூஜை பண்ணின வண்டிக்குக் கால் வலிக்கும்னு நீயே தள்ளிட்டு வர்றியா?" என்றார்.

"சும்னே இருங்க சார். ஒரு ஸ்பேனர் கொடுங்க, பாத்துடறேன்."

"ஸ்பேனரா? எல்லாம் பூஜையில இருக்கப்பா."

சித்தப்பா பன்னிரண்டு வீட்டுக்கும் போய்க் கேட்டார். பன்னிரண்டு வீட்டிலும் ஃபிட்டர், பன்னிரண்டு வீட்டிலும் ஸ்பேனர், ஆனால் தொடுவதற்கு ஒன்று கிடையாது. எங்கள் வீட்டுப் பலகைக்கு எதிரே வந்து நின்று பார்த்தார்.

"அண்ணா, அஞ்சே நிமிஷம். எடுத்துட்டு அப்படியே வச்சுடறேன்."

"நானா வச்சிருக்கேன்? சரஸ்வதிகிட்ட இருக்கு. அவகிட்டயே கேட்டுக்கோ" என்றார் அப்பா.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து நாலணாக் காசை எடுத்து அதால் ஒரு திருகாணியைத் திருப்பப் போனார். அம்மா உள்ளேயிருந்தே, "காசும் லட்சுமிதான், கீழ வைங்க" என்றாள். அவ்வளவுதான். காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் மறுபூஜை. கற்பூரம் அணைவதற்குள் சித்தப்பா ஸ்பேனரை எடுத்துவிட்டார். அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அப்பாவுக்கு நீராவி இஞ்சின் தெரியும். பெட்ரோல் இஞ்சினும் அதற்குத் தம்பி முறைதானே என்று நினைத்தார்.

"உள்ள கரி அடைச்சிருக்கும். ஹெட்டைக் கழட்டிச் சுரண்டணும். முதல்ல டேங்கைக் கழட்டு."

"டேங்க் வேண்டாம்ணா."

"ரெண்டு போல்ட்டுடா."

"கழட்டினா கீறல் விழும். அதோட ஃபுல்லா பெட்ரோல் ரொப்பி வச்சிருக்கேன். டேங்கைத் தொடாம பண்ணுங்க."

"இஞ்சின் டேங்குக்கு அடியில இருக்கு. நான் என்ன மந்திரம் போட்டா கழட்டறது?"

கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சமாதானம் ஆயிற்று. பின்பக்கத்து போல்ட்டைத் தளர்த்தி டேங்கை நாலு விரல் தூக்கி, இடுக்கில் அம்மாவின் பூரிக்கட்டையைச் செருகினார்கள். டேங்குக்கு என் போர்வையைப் போர்த்தினார்கள். மூடி மட்டும் போர்வைக்கு வெளியே பொட்டோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்துக்குள் கையை விட்டு அப்பா ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு விரலில் தோல் போயிற்று. ஒவ்வொரு தோலுக்கும் தம்பியை ஒரு வார்த்தை சொன்னார்.

ஒரு நட்டு உள்ளே விழுந்து மாட்டிக்கொண்டது. அவர்கள் கை நுழையவில்லை, என் கைதான் நுழைந்தது. எடுத்துக் கொடுத்தேன். "பார்றா, ஒர்க்ஷாப்புக்கு ஆள் ரெடி" என்று சித்தப்பா என் மூக்கில் கரியைத் தடவினார்.

கரியைச் சுரண்டினார்கள். ப்ளக்கை உப்புத்தாளில் தேய்த்தார்கள். கார்புரேட்டரை ஊதினார்கள். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடினார்கள். உதைத்தால் ஒரே உதையில் கிளம்பியது. வரிசை முழுக்க வெளியே வந்து பார்த்தார்கள். அப்பா தோல் போன கையைத் தூக்கிக் காட்டினார்.

அப்பாவுக்கு அன்றைக்கு டியூட்டி. அதனால் சித்தப்பா, பின்னால் பழம் பூ வைத்த ஒயர் கூடையோடு அம்மா, முன்னால் டேங்கின்மேல் நான் என்று கிளம்பினோம். மணி ஒன்பது.

"அஞ்சு மணி பஸ்ஸுல அவங்க சத்தியமங்கலம் கிளம்பிடுவாங்க. நாளைக்கு அங்க வேற ஒரு மாப்பிள்ளை பாக்கறாங்களாம். அதுக்குள்ள போய்ச் சேருங்க" என்றார் அப்பா.

"அஞ்சு மணியா? பன்னெண்டுக்கெல்லாம் போய் உக்காந்திருப்போம்" என்றாள் அம்மா.

ஊர் எல்லையைத் தாண்டும் முன்னே வண்டி நின்றது.

சித்தப்பா இறங்கினார். மூடியைத் திறந்து பார்த்தார். "பெட்ரோல் இருக்கு அண்ணி." மூடினார். உதைத்தார். கிளம்பியது. ஒரு மைல் போனோம். நின்றது. மூடியைத் திறந்தார். "பெட்ரோல் இருக்கு அண்ணி."

ஒவ்வொரு தடவை மூடியில் கை வைக்கும்போதும் அம்மா, "பாத்துத் திறங்க. நல்ல காரியத்துக்குப் போறோம். பொட்டு கலையக் கூடாது" என்பாள். சித்தப்பா பச்சைக் குழந்தையின் தலையைப் பிடிக்கிற மாதிரி ஓரத்தைப் பிடித்துத் திறப்பார். சந்தனம் அதற்குள் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது.

நஞ்சன்கூடு போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் எத்தனை தடவை நின்றோம் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த எண்கள் தீர்ந்துவிட்டன. சித்தப்பாவுக்கு இஞ்சின் சூடாகிறது என்று சந்தேகம். ஆற்றிலிருந்து துணியை நனைத்து வந்து சுற்றினார். நின்றது. அப்புறம் பாரம் அதிகம் என்று சந்தேகம். அம்மா இறங்கி நடந்தாள். அம்மா இல்லாமலும் நின்றது. அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் சந்தோஷம். அம்மாவின் சந்தேகம் என்மேல்.

"இவ வாயைத் திறக்கறப்பல்லாம் நிக்குது. நான் பாத்துக்கிட்டேதான் வர்றேன்."

"நான் ஒண்ணும் பண்ணலம்மா."

"இதோ பேசிட்ட. இதோ நிக்கப் போகுது பாரு."

நின்றது.

அதற்கப்புறம் ஊர் போய்ச் சேரும் வரை நான் பேசக்கூடாது என்று உத்தரவு. ஏழு வயசுப் பெண்ணை டேங்கின்மேல் உட்கார வைத்து வாயையும் மூடச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? என் கண்ணுக்கு நேரே மூடி இருந்தது. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, காய்ந்த சந்தனத்தில் மெதுவாகக் கோலம் போட ஆரம்பித்தேன். ஒரு ஓரம் பெயர்ந்து வந்தது. இன்னும் கொஞ்சம் குத்தினேன். பின் சட்டென்று உள்ளே போயிற்று. டேங்குக்குள்ளிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. சித்தப்பாவின் டேங்கில் ஓட்டை போட்டுவிட்டேன்!

சொல்லலாம் என்றால் பேசக்கூடாது. அழலாம் என்றால் அதுவும் பேச்சில் சேர்ந்துவிடும். பெட்ரோல் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்து கட்டை விரலை அந்த ஓட்டையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். கொஞ்ச தூரம்தான். வண்டி நின்றது.

மூடியைத் திறக்க சித்தப்பா வந்தபோது நான் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். பொட்டு கலைந்திருந்ததை அவர் பார்த்தார். அதற்குள் மணி மூன்றரை ஆகியிருந்தது. பொட்டைப் பற்றிப் பேச அவருக்குத் தெம்பு இல்லை. வேர்வையும் கரியுமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸிலயே வந்திருக்கலாம் அண்ணி" என்றார். "வண்டி இருக்குன்னு சொன்னதுக்கு அப்புறம் பஸ்ஸுல போய் எறங்கினா அவங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள் அம்மா. அவளுக்கும் அழுகை வரும்போல இருந்தது.

மறுபடி கிளம்பியதும் மறுபடி கட்டை விரல். மறுபடி நின்றது. அதற்கப்புறம் ரோடு மோசமாகிவிட்டது. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் இரண்டு கையாலும் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டை திறந்தே கிடந்தது. எந்த நிமிஷமும் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

வண்டி நிற்கவே இல்லை. மிச்சம் இருந்த ஏழெட்டு மைலும் ஒரே ஓட்டம்.

"ஆய்த்து அண்ணி! சரியாய்டுச்சு!" என்று சித்தப்பா காற்றில் கத்தினார்.

"நான் நஞ்சுண்டேஸ்வரனுக்கு வேண்டிக்கிட்டேன்ல?" என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை.

மாவு மில் மெயின் ரோட்டிலேயே இருந்தது. போய்ச் சேரும்போது மணி நாலரை. வாசல் படியில் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பையும் கட்டித் தயாராக இருந்தன. பெண்ணின் அப்பா தோளில் துண்டோடு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொள்ளேகால் பக்கத்துக்காரர், பேச்சில் அந்த இழுப்பு உண்டு.

"பன்னெண்டு மணிக்கு வர்றோம்னு சொன்னீங்க. அஞ்சு மணி பஸ்ஸுக்கு நாங்க கெளம்போணுமுங்க."

"வண்டி கொஞ்சம் தொந்தரவு பண்ணிடுச்சுங்க" என்றார் சித்தப்பா. நெற்றியிலிருந்து தாடை வரை கரி. அம்மாவின் பட்டுப்புடவையில் கிரீஸ்.

"மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளு இருக்குதுன்னு தரகர் சொன்னாரு. ஓடுமான்னு நாங்க கேக்காம விட்டுப்போட்டோமுங்க."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது தாங்கவில்லை. உத்தரவையெல்லாம் மறந்து ஓவென்று அழுதேன்.

"நான்தான் டேங்குல ஓட்டை போட்டுட்டேன்! ஹேர்பின்னால போட்டுட்டேன்!"

எல்லாரும் மூடியைப் பார்த்தார்கள். அப்போது மில்லின் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண் வெளியே வந்தது. காபித் தட்டு இல்லை, தலை குனியவில்லை. நேராக வண்டிக்கு வந்து மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.

"நீ போட்ட ஓட்டை இல்ல கண்ணு. அது முன்னயே இருக்கறது. எங்க மில்லு இஞ்சினுக்கும் இருக்குது. காத்துப் போறதுக்கு. இந்தச் சந்தனம் அடைச்சு, வண்டி மூச்சு விட முடியாமக் கெடந்திருக்குது."

"அட, அதுல போய்ச் சந்தனத்தை அப்பின புத்திசாலி யாருங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதுகூடத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தப்பா, "நான்தாங்க" என்றார்.

"நீங்களா?"

"ஆமாங்க. பூஜைன்னு கொஞ்சம் நெறையவே அப்பிட்டேன்."

"வண்டி வச்சிருக்கறவருக்கு மூடியில ஓட்டை இருக்கறது தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். "நீங்க சும்மா இருங்க அண்ணி" என்றார் சித்தப்பா. பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

பெண் சித்தப்பாவைப் பார்த்தது. அப்புறம் என் கையைப் பார்த்தது. பத்து விரல் நகத்துக்கு அடியிலும் சந்தனம்.

"மூடியைக் கழுவித் தர்றேன். நீயும் வா" என்று என் கையைப் பிடித்துப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனது.

முதலில் மூடியைக் கழுவியது. ஊசி கொண்டு வந்து ஓட்டையைக் குத்தியது. வெளிச்சத்தில் பார்த்தது. மறுபடி கழுவியது. புளி போட்டுத் தேய்த்தது. அப்புறம் என் கை. ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகத்துக்கு அடியில் தென்னங்குச்சியை விட்டு, சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது. வலது கை முடிந்து இடது கைக்கு வந்தபோது முன்பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"அம்மிணி! பஸ்ஸு வர்ற நேரமாச்சு!"

"வந்துட்டேனுங்கப்பா! மூடி இல்லாம அவங்க வண்டி நிக்குதுல்லங்க!" என்று சொல்லிவிட்டு இடது கைச் சுண்டு விரலைப் பிடித்தது. உன் பெயர் என்ன என்று கேட்டது. எந்த வகுப்பு என்று கேட்டது. உங்க சித்தப்பா உன்னை அடிப்பாரா என்று கேட்டது. இல்லை என்றேன். உங்களையெல்லாம் திட்டுவாரா என்று கேட்டது. அப்பாவை மட்டும் திட்டுவார், அதுவும் டேங்கைத் தொட்டால்தான் என்றேன். அதற்கும் சிரித்தது.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. வந்து நின்ற சத்தம், கண்டக்டர் விசில், மறுபடி கிளம்பிப் போன சத்தம், எல்லாம் எனக்கு நன்றாகக் கேட்டன. "போச்சு! போச்சு!" என்று அவளுடைய அப்பா கத்தியதும் கேட்டது. அந்த அக்காவுக்கு மட்டும் ஒன்றும் கேட்டமாதிரி இல்லை. கடைசி விரலையும் முடித்து, என் இரண்டு கையையும் முந்தானையில் துடைத்து, "ஆச்சு" என்றது.

பஸ் போனபிறகு வேறு வழியில்லாமல் எங்களை உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். பெண்ணின் அப்பா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சித்தப்பாவிடம் இஞ்சினைப் பற்றி ஏதோ கேட்டார். சித்தப்பா தெரியாது என்றார். அவருக்கு அது பிடித்துப்போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார்.

ஊரைத் தாண்டும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வண்டி பட்டு மாதிரி ஓடியது. பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

"எப்படிடி இருக்கு பொண்ணு?"

பேசலாம் என்று அனுமதி கிடைத்ததே பெரிய விஷயம். நான் உள்ளதைச் சொன்னேன்.

"நல்ல அக்காதாம்மா. ஆனா ரொம்ப மந்தம். பத்து விரல் கழுவ அரை மணி நேரம். அவங்க அப்பா கூப்பிடறாரு, பஸ் ஹாரன் அடிக்குது, எதுவுமே காதுல விழல. கையில இருந்த பஸ்ஸையே விட்டுட்டாங்க. நம்ம வீட்டுக்கு வந்தா நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான். வேண்டாம்மா."

சித்தப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். ஒரு புளிய மரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மா ஒயர் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் ஆரம்பித்தார். நான் டேங்கின்மேல் கையைக் கட்டிக்கொண்டு, இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கோபமாக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு எடுத்துச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. தை பிறந்ததும் கல்யாணத்தை வைத்துவிட்டார்கள்.